ஓய்வூதியர் வீட்டுப் பிள்ளை: அம்பேத்கரின் வாழ்வும் கடன்காரர் தொட முடியாத பணமும்

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நாம் பலவாறு எழுதியிருக்கிறோம். மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளியவராக, அரசமைப்புச் சட்டத்தை வரைந்தவராக, நாக்பூரில் பௌத்தம் தழுவியவராக அவரை மேடைதோறும் நினைவுகூர்கிறோம். படைவீரரின் ஓய்வூதியத்தில் வளர்ந்த பிள்ளையாக அவரைப் பார்ப்பது அரிது. விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் இந்தப் பார்வைக்கு இன்று தேவை இருக்கிறது. படையில் பணியாற்றித் திரும்பியோரும், பணியில் உடல் ஊனமுற்று ஓய்வூதியம் பெறுவோரும், அவர்களின் கைம்பெண்களும் நம் சேரிகளில் வாழ்கிறார்கள். மாதம் பிறந்ததும் வங்கிக்கு வரும் அந்தத் தொகையை நம்பியே பல வீடுகளில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அதே தொகையைக் குறிவைத்தே கடன் கொடுப்பவரும் வாசலில் நிற்கிறார்.

அந்தப் பணத்தை எந்தக் கடன்காரரும் நீதிமன்றத்தின் வழியாகக்கூடப் பற்ற முடியாது என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கு 150 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. அது யாரைக் காத்தது, எங்கே கைவிட்டது என்பதை அம்பேத்கரின் வாழ்வைக் கொண்டே நாம் விளக்க முயல்கிறோம்.

படைமுகாமில் பிறந்தவர்

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மகூ படைமுகாமில் அம்பேத்கர் பிறந்தார். தந்தை ராம்ஜி மாலோஜி சக்பால் பிரித்தானிய இந்தியப் படையில் சுபேதார். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். பாட்டனார் மாலோஜியும் படைவீரரே. தாய் பீமாபாயின் குடும்பமும் சுபேதார் மேஜர்களைக் கண்ட குடும்பம். ஊருக்குள் கிணற்றைத் தொடக்கூடாத மகர் சாதியினர், படைமுகாமில் சீருடை அணிந்தனர், எழுத்துக் கற்றனர், பணி முடிந்ததும் அரசிடம் ஓய்வூதியம் பெற்றனர். ஊர்ச் சாதியின் தயவில்லாமல் மாதந்தோறும் கைக்கு வரும் பணம் என்பது அந்நாளில் தீண்டப்படாதோர் வாழ்வில் புதிய பொருள்.

அம்பேத்கர் குழந்தையாக இருந்தபோதே அந்தக் கதவு மூடத் தொடங்கிவிட்டது. 1892ஆம் ஆண்டையொட்டி, மகர்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. சில சாதிகளே போர்மறம் மிக்கவை என்னும் கொள்கை அப்போது ஆங்கில அதிகாரிகளிடையே வேரூன்றியிருந்தது. 1818 ஜனவரி முதல் நாள் கோரேகாவ் போரில் உயிர்நீத்த மகர் வீரர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்த அதே அரசு, அவர்களின் பேரப்பிள்ளைகளைப் படைக்கு ஆகாதவர்கள் என்றது. ஓய்வுபெற்ற வீரர்கள் பலர் குடியேறியிருந்த தாபோலியிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. படையிலிருந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வலங்கர் 1894இல் விண்ணப்பம் எழுதினார். ராம்ஜியும் தடையை நீக்கக் கோரும் முயற்சிகளில் பங்குகொண்டார். அரசு இறங்கவில்லை.

இந்தத் தடையின் விளைவை நாம் முழுதாக எண்ணிப் பார்க்க வேண்டும். படையில் சேர முடியாத தலைமுறைக்கு ஓய்வூதியமும் இல்லை. கடன்காரரிடமிருந்து ஓய்வூதியத்தைக் காக்கும் சட்டம் ஏட்டில் இருந்தது. காக்கப்படுவதற்குரிய பணம் அந்தச் சாதிக்குக் கிடைக்கும் வழியை வேறொரு ஆணை அடைத்துவிட்டது. ராம்ஜி முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதாலேயே அவர் வீட்டில் ஓய்வூதியம் இருந்தது, பிள்ளைகள் படித்தனர்.

அடகுக்குப் போன நகை

ஓய்வுபெற்ற ராம்ஜி தாபோலியிலும், பின்னர் சாத்தாராவிலும் வாழ்ந்தார். 1896இல் பீமாபாய் காலமானார். சாத்தாராவில் பள்ளிக்குச் சென்ற சிறுவன் பீமன் வகுப்பில் தனியே சாக்குத் துணியில் அமர்ந்ததும், தண்ணீர்க் குழாயைத் தொட முடியாமல் தவித்ததும் நாம் அறிந்தவை. நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. பரேல் பகுதித் தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறை. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. இடம் போதாத அறையில் தந்தை பின்னிரவுவரை விழித்திருந்து, மகனை எழுப்பிப் படிக்கவைத்துவிட்டுத்தான் தாம் உறங்குவார்.

மகன் கேட்ட நூல்களை வாங்கப் பணம் இல்லாதபோது, ராம்ஜி மணமாகிப் போன தம் மகள்களிடம் சென்று கைமாற்றுக் கேட்பார். அவர்களிடமும் பணம் இல்லையென்றால் நகையைக் கேட்டு வாங்கி மார்வாரியிடம் அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் முதல் வேலையாக நகையை மீட்டு மகளிடம் சேர்ப்பார். பிற்காலத்தில் அம்பேத்கரே நன்றியோடு நினைவுகூர்ந்த செய்தி இது.

இந்தச் சிறு நிகழ்வில் சட்டத்தின் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் 11ஆவது பிரிவில், அரசு வழங்கும் ஓய்வூதியத்தைக் கடன்காரர் கோரிக்கைக்காகவோ நீதிமன்றத் தீர்ப்பாணையை நிறைவேற்றுவதற்காகவோ பற்றக்கூடாது என்று விதிக்கிறது. 12ஆவது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. இனி வரவேண்டிய ஓய்வூதியத்தை முன்கூட்டியே வேறொருவருக்கு எழுதிக்கொடுத்தால் அந்த எழுத்து செல்லாது. மார்வாரி ராம்ஜியின் ஓய்வூதியத்தை ஜப்தி செய்திருக்க முடியாது. அதை எழுதி வாங்கியிருக்கவும் முடியாது. அதனால்தான் அவர் நகையை வாங்கி வைத்துக்கொண்டார். சட்டம் தொகையைக் காத்தது. தொகை போதாமல் வாங்கிய கடனுக்குப் பெண்களின் நகை பொறுப்பேற்றது. அந்த வீட்டின் கல்விக்கு முதலீடு செய்தவர்களில் அந்த இரு சகோதரிகளையும் நாம் சேர்த்தெண்ண வேண்டும்.

1907இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவின் உதவியால் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரி 2 அன்று ராம்ஜி மறைந்தார். அவரோடு ஓய்வூதியமும் நின்றது.

கடனை அறிந்த பொருளியலாளர்

அதே 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையோடு அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்றுவதாக அதற்கு ஈடாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்திருந்தார். 1917இல் நாடு திரும்பிப் பரோடாவில் பணியேற்றபோது அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். உலகின் பெரிய பல்கலைக்கழகத்தில் பயின்ற ஒருவரால், வாங்கிய உதவிக்குரிய உழைப்பைக்கூடச் சாதி காரணமாகச் செலுத்த முடியாமற்போனது. பம்பாயின் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேமித்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடன் ஆகியவற்றோடு 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1923இல் முனைவர் பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றுத் திரும்பினார்.

கடனின் இருமுகங்களும் அவருக்குத் தெரிந்திருந்தன. நண்பரின் கடன் அவரை உயர்த்தியது. ஊர்ப்புறத்தில் ஈட்டியவரின் கடன் மக்களைப் பண்ணையில் கட்டிப்போட்டது. 1918இல் அவர் வெளியிட்ட சிறுநில உடைமை பற்றிய ஆய்வுரை, துண்டு நிலங்களைச் சேர்த்துவிட்டால் உழவு செழிக்கும் என்ற வாதத்தை மறுத்தது. உழவரிடம் நிலத்துக்கு ஈடான மூலதனமும் கருவிகளும் இல்லாததே நோய் என்றது.

1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நுழைந்த பின் அவர் கொண்டுவந்த மசோதாக்கள் இந்த அறிவின் தொடர்ச்சி. 1928இல் மகர் வதன் முறைக்கு எதிரான மசோதாவைக் கொண்டுவந்தார். பரம்பரையாகக் கிடைத்த சிறு நிலத்துக்கு ஈடாக ஊருக்கும் அரசுக்கும் இரவுபகலாக ஏவல் செய்யும் முறை அது. 1937இல் கொங்கணத்தின் கோத்தி நிலமுறையை ஒழிக்கும் மசோதா. அதையொட்டிய ஆண்டுகளில் வட்டிக்கடைக்காரர் உரிமம் பெற்றே தொழில் நடத்த வேண்டும் என்று கோரும் மசோதாவையும் ஆயத்தம் செய்தார்.

கடனிலிருந்து காக்கும் சட்டம் எப்போதும் நமக்குச் சார்பாக இருந்ததில்லை என்பதும் அவருக்குத் தெரியும். 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலமாற்றச் சட்டம் அதற்குச் சான்று. வட்டிக்காரர் கையில் உழவரின் நிலம் போகாமல் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் உழவர் என்று அரசு பட்டியலிட்ட சாதிகளில் தீண்டப்படாதோர் இல்லை. ஏர் பிடித்து உழுதவர்கள் அவர்களே. ஆயினும் பட்டியலிலுள்ள சாதியாரிடமிருந்து ஒரு துண்டு நிலம் விலைக்கு வாங்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. காப்பு என்ற பெயரில் எழுந்த சுவர், கடன்காரரோடு சேர்த்து நம்மையும் வெளியே நிறுத்தியது. அம்பேத்கர் இதைத் தம் எழுத்துகளில் சுட்டிக்காட்டினார். அரசமைப்புச் சட்டம் நடப்புக்கு வந்தபின் அச்சட்டம் நீக்கப்பட்டது.

மீண்டும் திறந்த படைக்கதவு

1927 ஜனவரி முதல் நாள் அம்பேத்கர் கோரேகாவ் நினைவுத்தூணுக்குச் சென்றார். முதல் உலகப்போரின்போது 1917இல் 111ஆம் மகர் படைப்பிரிவை அமைத்த அரசு, போர் முடிந்தபின் அதைக் கலைத்திருந்தது. வட்டமேசை மாநாடுகளில் இரட்டைமலை சீனிவாசனோடு ஒடுக்கப்பட்டோரின் சார்பாளராக அமர்ந்த காலத்திலும் படையிலும் காவல்துறையிலும் நம் மக்களுக்கு இடம் வேண்டும் என்பது அவர் கோரிக்கைகளுள் ஒன்று. 1941இல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபரில் பெல்காமில் மகர் ரெஜிமென்ட் தொடங்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் தந்தை கேட்டுப் பெறமுடியாததை மகன் காலத்தில் அரசு வழங்கியது.

1942 முதல் 1946 வரை வைசிராயின் செயற்குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். தொழிற்சாலையில் கையிழந்தவரும் போர்க்களத்தில் காலிழந்தவரும் எதிர்கொள்வது ஒரே கேள்வியைத்தான்: உழைக்கும் உடல் பழுதானபின் சோறு எங்கிருந்து வரும்? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தன் 9ஆவது பிரிவில், உடல் ஊனத்துக்குரிய இழப்பீட்டைப் பற்றவோ பிறருக்கு மாற்றவோ முடியாது என்று சொல்லியிருந்தது. அம்பேத்கரின் துறைக்காலத்தில், 1944இல், பேராசிரியர் அடார்க்கர் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அறிக்கையை அளித்தார். அதன் வழியே 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் வந்தது. அதன் 60ஆவது பிரிவும் ஊன உதவி உள்ளிட்ட பணப்பயன்களைக் கடன்காரரின் கைக்கு எட்டாமல் வைத்தது.

விடுதலைக்குப்பின் அவர் சட்ட அமைச்சரானார். அவர் பதவியில் இருந்த 1950ஆம் ஆண்டிலேயே இன்றைய படைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பாதுகாப்புத் துறைக்குரிய அச்சட்டத்தை அவருடைய படைப்பாகச் சொல்வது மிகையாகும். ஆயினும் அதன் 28, 29ஆவது பிரிவுகள் நம் பொருளுக்கு உரியவை. பணியிலுள்ள வீரரின் ஊதியத்தையும் படிகளையும் உரிமையியல் நீதிமன்றம் பற்ற முடியாது. கடனுக்காக அவரைக் கைது செய்யவும் முடியாது. அமெரிக்காவிலும் முன்னாள் படைவீரரின் ஊன உதவித்தொகையைக் கடன்காரர் பற்றுவதற்குச் சட்டம் தடை விதிக்கிறது. உடலைக் கொடுத்து ஈட்டிய பணம் வணிகக் கணக்கில் சேராது என்பது பல நாடுகள் ஏற்ற நெறி.

1951இல் இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதையொட்டி அம்பேத்கர் அமைச்சரவையிலிருந்து விலகினார். 1956 அக்டோபர் 14 அன்று பௌத்தம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும்

அரசு கொடுத்ததைக் கடன்காரர் பறிக்கக்கூடாது என்னும் நெறி நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. அம்பேத்கர் பிறந்த அதே 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்த அறிக்கையைச் சென்னை அரசுக்கு அளித்தார். 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. ஒப்படைக்கப்பட்ட நிலத்தைப் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அந்த மாற்றம் செல்லாது என்பன அதன் நிபந்தனைகள். அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த திண்டிவனம், விழுப்புரம் வட்டங்களின் பஞ்சமி நிலங்களுக்கும் இதே கதைதான். நிபந்தனை ஆவணத்தில் இருந்தது. நிலம் வேறு கைகளுக்குப் போனது. கடனுக்கு ஈடாக வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டு, அரசாணையைவிட ஊரில் வலிமை மிக்கதாக இருந்தது.

ஓய்வூதியத்திலும் அதே ஆபத்து இருக்கிறது. ஆகவே இன்றைய சட்டநிலையை நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, அரசு ஓய்வூதியருக்குரிய தொகைகளைப் பற்றுகையிலிருந்து விலக்குகிறது. புரோநோட்டு வழக்கில் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ கடன்காரர் தீர்ப்பாணை பெற்றாலும், நிறைவேற்று மனுவில் ஓய்வூதியத்தைக் கேட்க முடியாது.

இரண்டாவது, 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவில் ஒரு முக்கியமான உட்பிரிவைச் சேர்த்தது. இந்த விலக்குரிமை எனக்கு வேண்டாம் என்று ஒருவர் எழுதிக்கொடுத்திருந்தாலும் அந்த உடன்படிக்கை செல்லாது. வற்புறுத்தி வாங்கிய கையெழுத்துக்கு எதிராக ஏழைக்கு இருக்கும் நல்ல ஆயுதம் இது.

மூன்றாவது, 1987இல் விமானப்படை அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்றம் ஓய்வூதியச் சட்டத்தின் 11ஆவது பிரிவை விரிவாக ஆராய்ந்தது. அரசுக் குடியிருப்பின் வாடகைப் பாக்கிக்காக அரசே அவரது தொகையில் கைவைத்தது செல்லாது என்றது. மொத்தமாகப் பெறும் ஓய்வூதியப் பகுதிக்கும் அந்தக் காப்பு உண்டு என்றது.

நான்காவது, பணம் வங்கிக்கு வந்தபின் காப்பு தீர்ந்துவிடுகிறதா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 2008இல் வங்கி ஒன்றின் கடன் வழக்கில், ஓய்வுக்காலப் பயன்களை வைப்புத்தொகையாகப் போட்டுவைத்தாலும் அவற்றின் தன்மை மாறாது, அவற்றைப் பற்ற முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றின் எல்லையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடன் இதனால் தள்ளுபடி ஆவதில்லை. கடன்பட்டவரின் வேறு சொத்துகள் மீது வழக்குத் தொடரலாம். வங்கியிலேயே கையெழுத்திட்டு வாங்கிய ஓய்வூதியக் கடனுக்கு மாதத் தவணை பிடிப்பது வேறு. வெளிக்கடனுக்காக நீதிமன்றம் பற்றுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

பெரும்பாலான பறிப்பு நீதிமன்றத்துக்கு வருவதே இல்லை என்பதுதான் நம் உண்மையான சிக்கல். ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் வட்டிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மாதம் பிறந்ததும் அவர் எடுத்ததுபோக மிஞ்சியதை வாங்கிவரும் முறை சட்டத்தின் கண்ணுக்குப் படாமல் நடப்பது. இனி வரப்போகும் ஓய்வூதியத்தை எழுதிக்கொடுப்பது செல்லாது என்று 1871இலேயே சொன்ன சட்டத்தை, ஒரு நெகிழி அட்டை சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ராம்ஜி காலத்து மார்வாரி நகையை வாங்கி வைத்தார். நகை மீண்டதும் கணக்குத் தீர்ந்தது. அட்டையை வாங்கி வைப்பவரிடம் கணக்கு எப்போது தீரும் என்பதை அவரே முடிவு செய்கிறார். இதற்கு எதிராக 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. உழைப்பை ஈடாக வைத்த கடனை ஒழிக்க 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி வழங்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் சொல்கிறது. ஊனமுற்ற நம் படைவீரர் ஒருவர் இரு காரணங்களாலும் அதற்கு உரியவர்.

ஆகவே இப்பகுதிச் சட்டக் கல்லூரி மாணவர்களிடமும் களப்பணியாளர்களிடமும் நாம் சில வேலைகளை முன்வைக்கிறோம். தத்தம் ஊரில் படை ஓய்வூதியமும் குடும்ப ஓய்வூதியமும் பெறும் நம் வீடுகளைக் கண்டறியுங்கள். யாருடைய அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பிறரிடம் இருந்தால், அந்த அட்டையை முடக்கிப் புதிய அட்டையும் எண்ணும் பெறுவதற்கு வங்கிக்கு உடன் செல்லுங்கள். மிரட்டல் வந்தால் எழுத்து மூலம் புகார் கொடுத்து அதற்குரிய ரசீதை வாங்குங்கள். நிறைவேற்று மனு அறிவிப்பு வந்த வீட்டுக்காரரைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் சென்று, 60ஆவது பிரிவின்படி ஆட்சேபம் தாக்கல் செய்யுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பிள்ளைகளின் கல்விக்கு என்னென்ன உதவிகள் உண்டு என்பதையும் கேட்டறியுங்கள். பள்ளி திறக்கும் மாதத்தில்தான் பல வீடுகள் வட்டிக்கடை ஏறுகின்றன.